இஸ்ரவேலர் ஒரு ஜனமான கதை: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபிரேய வேதத்தைத் தமிழில் படிப்பவர் முதலில் இடறுவது ‘ஜாதி’ என்ற சொல்லில்தான். பழைய மொழிபெயர்ப்பில் ஆபிரகாமிடம் கடவுள், ‘உன்னைப் பெரிய ஜாதியாக்கி’ என்கிறார்; ‘கோய்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ஈடாக, நாட்டினம் என்ற பொருளில் அது நிற்கிறது. நம் ஊர்ச் சாதியை அதன்மேல் ஏற்றிப் படித்தால் பின்னால் வருபவை எல்லாம் கோணலாகவே தெரியும்.

அந்தக் கோணலிலிருந்து பிறப்பதுதான் இன்னொரு தவறு: ஆபிரகாமின் பேரனான யாக்கோபின் (இஸ்ரவேல் என்பது அவருடைய மறுபெயர்) வீட்டார் 70 பேர் எகிப்துக்குப் போனார்கள், பெருகினார்கள், நாடானார்கள் என்று இரத்த உறவை மட்டும் கொண்டு கதையை முடித்துவிடுவது. எகிப்தைவிட்டுப் புறப்பட்டபோது பல இனத்து மக்கள் அநேகர் உடன் சென்றதாக யாத்திராகமம் என்ற வேத நூலின் 12ஆம் அதிகாரமே சொல்கிறது. விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) செய்துகொண்ட அந்நியன், எகிப்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்தை உண்ணலாம், அவன் சுதேசியைப் போலவே கருதப்படுவான் என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. யூதா கோத்திரத்தின் சார்பில் வேவு பார்க்கப்போன காலேப் கேனாசியன், அதாவது வேற்றினத்து வழிவந்தவன், என்று அழைக்கப்படுகிறான். பின்னாளில் அரசனான தாவீதோ, மோவாப் என்ற அண்டை நாட்டுப் பெண்ணான ரூத்தின் கொள்ளுப்பேரன். ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று மறுகோடிக்கு ஓடிவிடவும் கூடாது. மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் என்ற வேத நூல் 23ஆம் அதிகாரத்தில் விதிக்கிறது. இந்த இழுபறியைச் சமன்செய்யாமல் அப்படியே படிப்பதே நேர்மை.

நிலமும் அரசனும் வந்த பிறகே அவர்கள் ஒரு ஜனமானார்கள் என்று எண்ணுவதும் பிழை. ‘இஸ்ரவேல் புத்திரராகிய ஜனங்கள்’ என்ற பேச்சு முதலில் எழுவது எகிப்து மன்னனான பார்வோனின் வாயிலிருந்து, அதுவும் அச்சத்தோடு. சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட இல்லாத சீனாய் வனாந்தரத்தில் கடவுளோடு அவர்களுக்கு உடன்படிக்கை ஏற்படுகிறது. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப்பின், யோர்தானைக் கடக்குமுன், ‘இந்நாளில்’ நீ கர்த்தருக்கு ஜனமானாய் என்று உபாகமம் 27 மறுபடியும் சொல்கிறது. கானான் நாட்டுச் சீகேமில், மோசேக்குப் பின்வந்த தலைவரான யோசுவா அந்த உடன்படிக்கையை மீண்டும் புதுப்பிக்கிறார். ஆகவே ஒரே ஒரு பிறந்தநாளைத் தேடுவது வீண்.

பன்னிரண்டு கோத்திரங்களின் பட்டியல் எங்கும் ஒன்றே எனக் கொள்ளவேண்டாம்: நிலப்பங்கீட்டில் லேவி விலக, யோசேப்பின் இடத்தில் அவருடைய மகன்கள் எப்பிராயீமும் மனாசேயும் வருகிறார்கள். எகிப்திலிருந்து அவர்களை நடத்திவந்த மோசேயின் காலத்தவரை ‘யூதர்’ என்பதும் பொருந்தாது. அப்பெயர் பிற்காலத்து யூதா நாட்டிலிருந்து வந்தது.

கடைசியாக, வேதம் சொல்லும் கதையையும் மண்ணில் கிடைத்த சான்றையும் ஒன்றாகக் குழப்புவது. 1896இல் எகிப்தின் தீப்ஸில் கண்டெடுக்கப்பட்ட, மெர்னெப்தா என்ற எகிப்து மன்னனின் கல்வெட்டு, சுமார் கி.மு. 1208இல், கானான் பகுதியில் ‘இஸ்ரவேல்’ என்ற கூட்டம் இருந்ததைக் காட்டுகிறது. அப்பெயரோடு நாட்டைக் குறிக்கும் அடையாளத்தை இடாமல் மக்களைக் குறிக்கும் அடையாளத்தையே எழுத்தர் இட்டிருக்கிறார். ஆனால் அதில் மோசேயும் இல்லை, செங்கடலும் இல்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட யாத்திரைக்குச் சாட்சியாக அக்கல்லை நிறுத்துவோர் அதில் எழுதாததைப் படிக்கிறார்கள்.