டி.வி. சொன்னதை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள்

திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு சீரியலில் கல்யாணக் காட்சி வந்தால், அடுத்த இரண்டு நாளில் நாலு பேராவது செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "அக்கா, பின்கழுத்து இதே மாதிரி வேணும், கைக்கு வலை வைக்கணும்." ஒரே நாளில் ஒரே கழுத்தை மூன்று பேருக்கு வெட்டியிருக்கிறேன். டி.வி. நமக்குள் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பது இந்தக் கட்டிங் மேசையில் நின்றால் நன்றாகவே தெரியும். அதை நம் கைக்குள் வைத்துக்கொள்ள நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். டி.வி.யை அணைத்து மூட்டைகட்டச் சொல்லவில்லை. என் கடையிலும் நாள் முழுக்க ஓடத்தான் செய்கிறது.

முறை என் அப்பாவுடையது. ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போட்டவர். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது என்றாலும், கொடைக்கானலில் டி.வி. ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் படம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'வயலும் வாழ்வும்' பார்ப்பார். மடியில் பழைய காலண்டர் தாள், காதில் பென்சில். விதையின் பெயர், மருந்தின் அளவு, எத்தனை நாள் இடைவெளி, எல்லாம் தாளின் பின்பக்கம் ஏறும். மறுநாள் வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேட்பார். அப்புறமும் முழுத் தோட்டத்துக்கும் போட மாட்டார். கிணற்றோரம் ஒரே ஒரு பாத்தி. அது தேறினால்தான் மற்றது. எழுது, கேள், ஒரு பாத்தியில் பார். நானும் இதைத்தான் செய்கிறேன்.

முதலில் எழுதுவது. டி.வி. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் ஒரு வாரம் கிடக்கட்டும். என்ன பார்த்தோம் என்று எழுத வேண்டாம், அது யாருக்கும் நினைவிருக்கும். பார்த்ததால் என்ன செய்தோம், என்ன வாங்கினோம், எதை மாற்றினோம் என்பதை மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் வாரம் இருந்தவை: மகன் கேட்ட சாக்லேட் மாவு, 'சமையல் நிகழ்ச்சியில் சொன்னாங்க' என்று ரசத்தில் பூண்டைத் தட்டாமல் அரைத்துப் போட்டது (நன்றாகவே இருந்தது), ஏழரை சீரியலுக்காக ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பதுக்குத் தள்ளியது, ராசிபலனில் சொன்னதால் கடனுக்குத் துணி கொடுக்க மறுத்தது, மாமியார் வாங்கிய ஒரு டப்பா பொடி. எழுதிப் பார்க்கும் வரை இதில் பாதியை நாங்களாக முடிவு செய்ததாகத்தான் நினைத்திருந்தோம்.

அந்தப் பொடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு சேனலில் மருத்துவ நிகழ்ச்சி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சர்க்கரையை அடியோடு குணப்படுத்தலாம் என்றார். மாமியார் போன் போட்டு வரவழைத்து, எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் தலைசுற்றிச் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 340. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

அதனால் உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் பாத்தியில் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே 'கேள்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதுவும் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம். காசு வாங்கிக்கொண்டு ஒளிபரப்பும் நிகழ்ச்சியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. திரையின் அடியில் போன் நம்பர் விடாமல் ஓடும். கேள்வி கேட்பவர் ஒரு தடவைகூட "அப்படியா, எப்படி?" என்று மறுத்துக் கேட்க மாட்டார். பேசுபவரே மருந்தையும் விற்பார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படிச் சொல்லும் குரல் கேட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு நாங்கள் கெஞ்சியதைவிட இதுதான் உறைத்தது.

மற்றதற்கெல்லாம் பாத்தி உண்டு. வலைக் கை கேட்டு வருபவரிடம், வெட்டுத்துணியில் ஒரு சின்னக் கை தைத்துக் கொடுத்து, வீட்டில் அடுப்படியில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள் என்பேன். திரையில் அந்தப் பெண் குளிரூட்டிய அறையில் நிற்கிறாள். நம் ஊர் சித்திரை வெயிலில் வலை அரிக்கும், ஜரிகை குத்தும். பாதிப் பேர் லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லித் திரும்பி வருவார்கள். சமையல் குறிப்பு என்றால் கால் படியில், புதிய சோப்பு என்றால் சின்ன பாக்கெட்டில்.

விளம்பரத்துக்கு ஒரு பழக்கம் போதும்: சத்தத்தை நிறுத்துவது. விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் வரலாம். அந்த நேரத்தில் நான் பாபினில் நூல் சுற்றுகிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ரொம்ப முக்கியம், பாட்டு கேட்காவிட்டால் பொருள் அவ்வளவாக மனதில் ஒட்டுவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வழி, சீரியலை மறுநாள் மதியம் செல்போனில் பார்ப்பது. முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

டி.வி. நல்லதையும் இப்படித்தான் சத்தமில்லாமல் செய்கிறது. பொருளாதாரம் படிக்கும் என் மகள் ஓர் ஆய்வைச் சொன்னாள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இருவர் 2009-ல் வெளியிட்டது, தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் உண்டு. கேபிள் டி.வி. வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்களாம், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற ஆசையும் குறைந்ததாம். எனக்கு ஆச்சரியமில்லை. துணி கொடுக்க வரும் பெண்கள் சீரியல் மருமகளுக்காக நியாயம் பேசிப் பேசியே, தங்களுக்காகவும் பேசத் தொடங்கியதைக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே நல்லதை நாமே தேடிப் போடவும் வேண்டும். பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரியும் திரையில் ஓடினால் படிக்கும் பழக்கம் வளரும் என்று பிரிஜ் கோத்தாரி என்பவர் 1990-களில் அகமதாபாத்திலிருந்து முயன்று, தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் அதைக் கொண்டுவந்தார். இதை வீட்டிலேயே செய்யலாம். யூடியூபில் தமிழ் வரிகளோடு வரும் பழைய பாட்டுகளை டி.வி.யில் போடுங்கள். ஏற்கெனவே மனப்பாடமான பாட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் காது முன்னே போக, கண் எழுத்தைப் பிடிக்கும். ஒரே பாட்டைப் பத்து நாளாவது போடுங்கள். பாடம் நடத்தாதீர்கள், தப்பைத் திருத்தாதீர்கள்.

என் கடையில் கொக்கி கட்டும் அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அளவு ஜாக்கெட்டில் குத்தியிருக்கும் பெயர்ச் சீட்டைப் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார். தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பாட்டு ஓடவிட்டேன். ஏழு மாதம் ஆனது. போன தீபாவளி நெருக்கடியில் நான் மெஷினில் குனிந்திருக்க, பின்னால் மெதுவாகக் குரல் கேட்டது: "மு... ரு... கே... ஸ்... வ... ரி. வியாழக்கிழமை." திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.