கல்யாணக் கார்டில் கர்சிவ் எழுத்துரு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலையில் கல்யாணக் கார்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் பலர் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் கேட்பார்கள். அந்த ஆங்கிலப் பக்கத்துக்குத்தான் கிரேட் வைப்ஸ் போன்ற கர்சிவ் எழுத்துரு, அதாவது எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வரும் எழுத்துரு. கூர்முனைப் பேனாவால் எழுதியதுபோல, இறங்கும் கோடு தடித்தும் ஏறும் கோடு மயிரிழையாகவும் இருக்கும். அழகே அந்த மெல்லிய கோட்டில்தான். அச்சில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

1. கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸைத் தரவிறக்குங்கள். திறந்த உரிமம் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜிப்பை விரித்து, கோப்பில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். கார்டை வடிவமைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருள் திறந்திருந்தால் மூடித் திறக்கவும்.

2. மணமக்களின் பெயர்களை மட்டும் இதில் போடுங்கள். 5க்கு 7 அங்குலக் கார்ட் என்றால் 36 பாயின்டில் தொடங்கிப் பாருங்கள். இதன் சின்ன எழுத்துகள் உயரம் குறைந்தவை, 12 பாயின்டில் எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். பெயரின் முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். முழுப் பெயரையும் கேப்பிட்டலில் அடித்தால் ஒவ்வொன்றும் தன் சுருளை விரித்துக்கொண்டு நிற்கும், யாராலும் வாசிக்க முடியாது. எழுத்து இடைவெளியைச் சுழியத்திலேயே விடுங்கள். இடத்தை நிரப்ப அதைக் கூட்டினால் இணைப்புகள் அறுந்துவிடும். வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள்.

3. நேரம், மண்டபம், தொலைபேசி எண் எல்லாம் சாதாரண எழுத்துருவில். கோணேசர் கோயிலில் தாலிகட்டு என்றால் கோயில் பெயரையும் முகூர்த்தத்தையும் கர்சிவில் போடவே கூடாது என்பது என் கட்சி. கொழும்பிலிருந்து வருபவர் 1ஐ 7 என்று வாசித்தால் பந்திக்குத்தான் வந்து சேர்வார்.

4. தமிழ்ப் பக்கம். கிரேட் வைப்ஸில் தமிழ் எழுத்துகள் கிடையாது. யூனிகோடில் அடித்தால் கணினி தானாக வேறொரு எழுத்துருவைக் காட்டும். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்ததை இதற்கு மாற்றினாலோ தமிழ் போய், பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். அதனால் யூனிகோடிலேயே அடித்து, இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனாரைப் போடுங்கள். கையெழுத்துபோலச் சாய்ந்திருப்பதால் கர்சிவுக்குப் பக்கத்தில் பொருந்தும். இதுவும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

5. பின்னணியில் கடல் படம் வைக்க ஆசை வரும். அலைகளுக்குள் மயிரிழைக் கோடுகள் கரைந்துவிடும், வெற்றுத்தாளே நல்லது. தங்க ஃபாயில் கேட்டால் பெயரை இன்னும் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் கோடுகள் விட்டுவிட்டு விழும். பிறகு நூறு சதவீத அளவில் ஒரு பிரின்ட் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், அதுவும் வீட்டில் மூத்த ஒருவரிடம்.

(நிலாவெளி வீதியில் கெஸ்ட் ஹவுஸ் போர்டுக்கும் இதையே கேட்பார்கள். ஓடும் ஓட்டோவிலிருந்து வாசிக்க முடியாது; கேக் பெட்டி லேபலுக்குப் போடலாம்.)

6. எழுத்துப்பிழை பார்த்து, மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். அப்புறம் நகலில் பெயர்களைத் தேர்ந்தெடுத்து ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து (எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றும் கட்டளை) பிடிஎஃப் ஆக்குங்கள். அச்சகக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த நகலில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.