குடிச்சிட்டு ஓட்டுன கேஸ்ல லைசென்ஸ் போச்சா? சவுத் ஆப்பிரிக்காவுல திரும்ப எடுக்கிறது எப்படி

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட்னு நம்ம ஆளுங்க இருக்கிற எல்லா இடத்துலயும் இந்த கேள்விய காதோட காதா கேக்குறாங்க, சத்தமா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, வெக்கப்படுறாங்க. வெக்கத்துல யார்கிட்டயும் விசாரிக்காம மச்சான் சொன்னான் மாமா சொன்னாருன்னு நடந்து இன்னும் பெரிய சிக்கல்ல மாட்டுறாங்க, அதனாலதான் ஒண்ணொண்ணா எழுதுறேன்.

ஸ்டெப் 1: கோர்ட் பேப்பரை கையில எடுங்க

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இது. பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னா தீர்ப்பு சொன்ன மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கே போயி கேஸ் நம்பர சொல்லி கிளார்க்கிட்ட ஒரு காப்பி கேளுங்க. அதுல பாக்க வேண்டியது, லைசென்ஸ் சஸ்பெண்டா கேன்சலா, எத்தனை மாசம் இல்ல வருஷம், எந்த தேதில இருந்து கணக்கு. 1996ம் வருஷத்து ரோடு டிராஃபிக் சட்டத்துல 35வது பிரிவு சொல்றது, முதல் தடவைன்னா குறைஞ்சது 6 மாசம், ரெண்டாவது தடவைன்னா 5 வருஷம், மூணாவதுன்னா 10 வருஷம். இது குறைஞ்சபட்சம்தான், மாஜிஸ்ட்ரேட் கூட்டியும் போடலாம். கேஸ் நடக்கும்போதே சத்தியப்பிரமாணத்துல சாட்சி சொல்லி காரணத்த நிரூபிச்சா குறைக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கு, அதனால கேஸ் இன்னும் முடியாதவங்க வக்கீல்கிட்ட இத இப்பவே பேசுங்க, தீர்ப்பு வந்தப்புறம் ரொம்ப கஷ்டம்.

ஸ்டெப் 2: காலம் முடியிற வரைக்கும் ஸ்டீயரிங்க தொடாதீங்க

கடைக்குதானே, புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்துடலாம்னு எடுப்பீங்க, ரோட்பிளாக்ல நிறுத்துவாங்க, இப்ப புதுசா இன்னொரு கேஸ். ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க காசு தர மறுத்துடுவாங்க, எதிர்ல வந்த வண்டிக்கான செலவும் உங்க தலையிலதான் விழும். வீட்டுல இருக்கிறவங்களும் சாவிய எடுத்து குடுக்காதீங்க ப்ளீஸ், அது பாசம் இல்ல.

ஸ்டெப் 3: குடிய பாருங்க

இத கடைசியில வைக்காம நடுவுல வைக்கிறதுக்கு காரணம் இருக்கு. அதே சட்டத்துல 15வது பிரிவுப்படி குடிக்கு அடிமையா இருக்கிறவங்க லைசென்ஸ் வாங்கவும் முடியாது, வச்சிருக்கவும் முடியாது. சாதாரண டிரைவருக்கு லிமிட் 100 மில்லி ரத்தத்துல 0.05 கிராம், பஸ் லாரி ஓட்டுற புரொஃபஷனல் டிரைவருக்கு 0.02தான். ரெண்டு பீர்தானேன்னு கணக்கு போடாதீங்க, ஓட்டுற அன்னைக்கு ஒரு சொட்டும் வேணாம். புரட்டாசி மாசம் முழுக்க தொடாம இருக்கிறவங்க நம்மள்ல எத்தனை பேரு, அந்த மாசம் முடிஞ்ச மறுநாளே திரும்ப ஆரம்பிச்சு நிறுத்த முடியலன்னா அது உதவி கேக்க வேண்டிய நேரம். குடி, போதைய விட உதவுற சான்கா அமைப்புலயோ, குடிய நிறுத்த நினைக்கிறவங்க ஒண்ணா கூடுற ஏஏ மீட்டிங்லயோ போயி பேசுங்க, ரெண்டாவது கேஸ் 5 வருஷம்ங்கிறத மறந்துடாதீங்க.

ஸ்டெப் 4: காலம் முடிஞ்சதும்

சஸ்பெண்ட்தான்னா திரும்ப டெஸ்ட் எழுத வேண்டியதில்ல. ஆனா தேதி முடிஞ்ச மறுநாளே வண்டிய எடுத்துடாதீங்க, ராஸ்பர்க்கோ வெருளமோ உங்களுக்கு பக்கத்துல இருக்கிற டெஸ்டிங் சென்டருக்கு போயி, கம்ப்யூட்டர்ல, அதாவது லைசென்ஸ் விவரமெல்லாம் பதிஞ்சிருக்கிற இ-நாட்டிஸ்ல, சஸ்பென்ஷன் இன்னும் காட்டுதான்னு கேளுங்க, காட்டுச்சுன்னா கோர்ட் பேப்பரோட நின்னு சரி பண்ணிக்கணும். கார்டு 5 வருஷத்துக்குதான் செல்லும், அதனால நீண்ட சஸ்பென்ஷன்காரங்க கையில செல்லாத கார்டுதான் இருக்கும், ஐடி, ஃபோட்டோ, அட்ரஸ் ப்ரூஃப் கொண்டுபோயி கண் டெஸ்ட் பண்ணி ரின்யூ பண்ணணும். புது கார்டு வர்ற வரைக்கும் ஓட்டணும்னா டெம்பரரி லைசென்ஸும் கூடவே கேட்டு வாங்குங்க.

கேன்சல்னா கதை வேற. தடை காலம் முடிஞ்சதும் லர்னர்ஸ்ல இருந்து ஆரம்பிக்கணும், அப்புறம் கே53ங்கிற டிரைவிங் டெஸ்ட் முறையில யார்டு டெஸ்ட், ரோடு டெஸ்ட். இருபது வருஷம் ஓட்டுனவங்கதான் இதுல ஜாஸ்தி ஃபெயில் ஆகுறாங்கன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பழக்கம் விடாது, ஒரு கையில ஸ்டீயரிங், கண்ணாடியும் ப்ளைண்ட் ஸ்பாட்டும் பாக்காம லேன் மாறுறது. மேட்டுல நிறுத்தி எடுக்கும்போது வண்டி கொஞ்சம் பின்னால உருண்டாலும் அங்கயே ஃபெயில். ஹேண்ட்பிரேக்க இழுத்து பிடிச்சு, கிளட்ச்ச மெதுவா விட்டு, பானெட் லேசா தூக்குறத பாத்துட்டு, சுத்தி ஒரு தடவ பாத்துட்டு அப்புறமா ஹேண்ட்பிரேக்க இறக்குங்க. ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சில கிளாஸ் போயிடுங்க, காசு போனா போகுது.

கவுண்டருக்கு வெளியில நின்னுக்கிட்டு சீக்கிரம் முடிச்சு தர்றேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, காசு குடுத்து வாங்குன லைசென்ஸ் மாட்டுச்சுன்னா அது மோசடி கேஸ்.

டிரைவர் வேலை பாக்குறவங்களுக்கு

லைசென்ஸ் வந்தாலும் பிஆர்டிபி, அதாவது டிரைவர் தொழிலுக்கான பெர்மிட், உடனே வராது. குடி கேஸ்ல தண்டனை ஆகி 5 வருஷத்துக்குள்ள பிஆர்டிபி குடுக்கக்கூடாதுங்கிறது ரூல், அட்மிஷன் ஆஃப் கில்ட், அதாவது குத்தத்த ஒத்துக்கிட்டு அபராதம் கட்டி முடிச்ச கேஸும் இதுல சேரும். டாக்ஸி பஸ் ஓட்டி குடும்பம் நடத்துற அண்ணன்மாருக்கு இது பெரிய அடி, அதனால இடைப்பட்ட காலத்துக்கு டிப்போவுலயோ ஒர்க்‌ஷாப்லயோ வேற வேலை இருக்கான்னு முதலாளிகிட்ட இப்பவே பேசிடுங்க.

கிரிமினல் ரெக்கார்டு தனி விஷயம். லைசென்ஸ் திரும்ப வந்தா ரெக்கார்டும் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. தண்டனை ஆகி 10 வருஷம் கழிச்சு, அபராதம் 20,000 ராண்டுக்கு மேல போகாம, நடுவுல அபராதம் கட்டி தப்பிக்க முடியாத ஜெயில் தண்டனையும் வாங்காம இருந்தா, போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து நீதித்துறைக்கு அப்ளிகேஷன் போடலாம், இது தானா நடக்காது, நீங்கதான் கேக்கணும்.