ஆபரேஷன் தியேட்டர்ல பிள்ள அழலைன்னா அம்மாகிட்ட என்ன பேசுறது

சிசேரியன் முக்காவாசி ஸ்பைனல்லதான் (முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைக்கறது) நடக்குது, அதனால அம்மா முழிச்சுதான் இருக்காங்க. நடுவுல துணி கட்டியிருக்கறதால ஒன்னும் தெரியாது, ஆனா காது நல்லா கேக்கும். பிள்ள வெளிய வந்தும் சத்தம் வரலைன்னா அடுத்த செகண்டே "ஏன் டாக்டர் அழவே இல்ல?"ன்னு கேப்பாங்க. வார்மர்ல (பிள்ளைய சூடா வச்சுப் பாக்குற மேசை) நிக்கிறவங்களுக்கு அப்ப பதில் சொல்ல நேரமில்ல, துடைச்சு, முதுகத் தேய்ச்சு விட்டும் மூச்சு வரலைன்னா 1 நிமிஷத்துக்குள்ள பேக் மாஸ்க் (முகத்துல மாஸ்க் வச்சு பையை அமுக்கி காத்து குடுக்கறது) ஆரம்பிச்சாகணும். அதனால பேசுறதுக்குன்னே ஒரு ஆள், யாருன்னு கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. தலைமாட்டுல இருக்கற மயக்க டாக்டர்தான் என் சாய்ஸ், ஆனா அவரு அம்மாவோட பிரஷர் இறங்குறத பாத்துட்டிருப்பாரு, அப்ப ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்து நிக்கட்டும்.

சொல்றது இவ்வளவுதான்: "ம்மா, பிள்ள பொறந்தாச்சு. தானா மூச்சு எடுக்கல, குழந்தை டாக்டர் மாஸ்க் வச்சு காத்து குடுக்குறாங்க. நான் இங்கயே இருக்கேன், நடக்குறத சொல்லிட்டே இருப்பேன்." என்ன பிள்ளன்னு கேட்டா சொல்லுங்க, அதுல ஒளிக்க ஒன்னுமில்ல. "ஒன்னுமில்லம்மா, பயப்படாதீங்க" மட்டும் வேணாம். காத்து குடுத்ததுமே தேறி வர்ற பிள்ளைங்கதான் அதிகம், இருந்தாலும் அந்த வாக்கு நம்ம கையில இல்ல, ஒரு தடவ பொய்யாப் போச்சுன்னா அப்புறம் நீங்க சொல்ற உண்மையும் எடுபடாது.

வார்மர் பக்கம் "ஹார்ட் ரேட் 50"ன்னு சத்தமா சொல்லித்தான் ஆகணும், அத அடக்கச் சொல்லாதீங்க, அது அம்மா காதுலயும் விழுது, அதனால பக்கத்துல இருக்கறவங்க உடனே "நெஞ்சுத்துடிப்பு கம்மியா இருக்கு, நெஞ்ச அமுக்கி உதவி பண்றாங்க"ன்னு புரியுற மாதிரி சொல்லணும். மாத்தம் இல்லைன்னாலும் நிமிஷத்துக்கு ஒரு தடவ "இன்னும் காத்து குடுத்துட்டுதான் இருக்காங்கம்மா"ன்னு ஒரு வார்த்த. அம்மாவுக்கு நாம பேசாம இருக்கற நேரம்தான் ரொம்ப பயம்.

தியேட்டருக்கு வெளிய நிக்கிற கூட்டம் வேற கதை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்னா அப்பா கடலுக்குப் போயிருப்பாரு, போன் கிடைக்காது. கீழக்கரை, பெரியபட்டினம்னா துபாய்லயோ சவுதியிலயோ இருப்பாரு. வாசல்ல இருக்கறது மாமியாரும் அவங்களப் பெத்த அம்மாவும் ஒரு மச்சானும். கையெழுத்து வாங்கும்போதே "அவசரம்னா யார்கிட்ட சொல்லட்டும்?"னு அம்மாகிட்டயே கேட்டு நம்பர் எழுதிக்கோங்க. வெளிநாட்டுல இருக்கற அப்பாகிட்ட நாமளே பேசுறது நல்லது. சொந்தக்காரங்க வாய்ஸ் நோட்டா அனுப்பி, அது நாலு கை மாறி அங்க போய்ச் சேரும்போது பிள்ள செத்துப்போச்சுன்னே சேதி மாறியிருக்கும்!

"தண்ணி குடிச்சிருச்சா, உள்ளயே மலம் போயிருச்சா, இவ ஒழுங்கா சாப்பிடாததாலயா?"ன்னு கேள்வி வரும். காரணம் தெரியாதப்ப யூகம் பண்ணாதீங்க, ஆனா அம்மா மேல பழி போட்டா அங்கயே எல்லார் முன்னாடியும் அவங்க தப்பு இல்லன்னு சொல்லிடுங்க. முஸ்லிம் வீடுன்னா வாப்பா வழி ஆளுங்க பிள்ள காதுல பாங்கு சொல்லணும்பாங்க, கிறிஸ்தவங்க அவசர ஞானஸ்நானம் கேப்பாங்க, வார்மர்ல கை வேலைய நிறுத்தாம எப்ப முடியும்னு சொல்லி வழி பண்ணிக் குடுங்க. சேனை வைக்கறது, சீனித் தண்ணி குடுக்கறது மட்டும் கண்டிப்பா வேணாம்.

பிள்ள தேறி எஸ்என்சியூவுக்கு (பச்சப்பிள்ளைங்களுக்கான தீவிர கவனிப்பு வார்டு) போறப்ப நிலமை விட்டுச்சுன்னா அம்மா முகத்துக்கிட்ட கொண்டு போய் கன்னத்துல வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க, முடியலைன்னா அவங்க போன்லயே ஒரு போட்டோ.

தேறலைன்னா? 20 நிமிஷம் முயற்சி பண்ணியும் துடிப்பே வரலைன்னா நிறுத்துறதப் பத்தி சீனியரோட யோசிக்கிற நேரம் அது. நிறுத்துறதுக்கு முன்னாடி "நிலமை ரொம்ப மோசம்மா, எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, துடிப்பு வரல"ன்னு சொல்லுங்க. அப்புறம் "இறந்துருச்சு"ன்னே சொல்லணும், "எங்க கையில இல்ல"ன்னு சுத்தி வளைச்சா அவங்க இன்னும் காத்திருப்பாங்க. சொல்லிட்டு வாய மூடிட்டு நில்லுங்க. துணியில சுத்தி கையில குடுக்கட்டுமான்னு கேளுங்க, வேணாம்னாங்கன்னா அப்புறம் ஒரு தடவ கேளுங்க.

எத்தன மணிக்கு, யார்கிட்ட, என்ன வார்த்தையில சொன்னோம்னு கேஸ் ஷீட்டுல எழுதிடுங்க. நைட் ட்யூட்டிக்கு வர்றவங்க வேற மாதிரி சொல்லிட்டா மொத்தமும் முதல்ல இருந்து.