‘கெட்’ என்றால் ‘பெறு’ மட்டும்தானா?

‘கெட் – காட் – காட், பெறு’ என்று பள்ளியில் ஒப்பித்தோம். அப்புறம் ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் எங்கு திரும்பினாலும் இந்த ‘கெட்’தான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதும் கெட், கோபம் வருவதும் கெட், ஜோக் புரிவதும் கெட். இத்தனைக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் எழுதி மனப்பாடம் செய்வதுதான் முதல் தவறு. அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. அதற்குப் பதிலாக, கெட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சொல் ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கு இல்லை. 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று ஒரு வினை இருந்தது. அடைவது, பிள்ளை பெறுவது, ஊகிப்பது என்று அங்கேயே அதற்குப் பல பொருள். பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவான சொல் முன்னொட்டு சேர்ந்த வடிவங்களில்தான் புழங்கியது. இன்றைய ‘ஃபர்கெட்’ (மற), ‘பிகெட்’ (பிள்ளை பெறு) இரண்டும் அந்த வழி வந்தவை. அப்போது அவற்றில் ‘க’ ஒலி இல்லை, ‘ய’ ஒலிதான். அழுத்தமான ‘க’ வந்தது நார்ஸ் செல்வாக்கால்.

இன்னும் பின்னால் போனால், லத்தீனில் ‘பிடி’ என்று பொருள்படும் ‘ப்ரெஹெண்டெரே’வும் இதே வேரில் முளைத்ததுதான். ‘புரிந்துகொள்’ என்று பொருள்படும் ஆங்கில ‘காம்ப்ரிஹெண்ட்’ அதன் வாரிசு. கையால் பிடிப்பது அங்கே மனதால் பிடிப்பதாகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல, ‘கணக்கு பிடிபடவே இல்லை’ என்று நாமும்தானே சொல்கிறோம்? அதனால் ‘ஐ காட் தி ஜோக்’ என்பதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் சொன்னது புரியாதபோது ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்கிறோம் பாருங்கள், அது இந்தியாவுக்கு வெளியே விநோதமாக ஒலிக்கும். ‘ஐ டிடின்ட் கெட் தட்’ போதும்.

சரி, அடுத்து வருவதைப் பார்ப்போம். பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது: ‘கெட் எ ஜாப்’. பெயரடை வந்தால் அந்த நிலைக்கு மாறுவது: ‘கெட் ஆங்ரி’. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ‘எ’ என்ன செய்கிறது பாருங்கள். ‘இட்ஸ் கெட்டிங் கோல்ட்’ என்றால் குளிர் ஏறுகிறது. ‘ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்’ என்றால் சளி பிடிக்கிறது. அந்த ‘எ’யை விழுங்கிவிட்டால் உங்களுக்குக் குளிரெடுக்கிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்துவார்கள். இடத்தைக் குறிக்கும் சொல் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் டு தி ஸ்டேஷன்’ சரி, ‘கெட் டு ஹோம்’ தவறு. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது.

நாம் அதிகம் தடுமாறுவது இறங்குவதில். மரமோ, பஸ்ஸோ, காரோ, தமிழில் எல்லாவற்றிலிருந்தும் ‘இறங்கு’தான். அதை அப்படியே ‘கெட் டவுன்’ ஆக்கிவிட்டோம். இந்தியாவுக்குள் கண்டக்டர் முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் இது புரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லண்டனில் பஸ், ரயில், விமானம், பைக் என்றால் ‘கெட் ஆஃப்’. கார், டாக்ஸி என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கும், மேலே ஏறி உட்காரும் வண்டிக்கும் ‘ஆஃப்’, குனிந்து நுழையும் வண்டிக்கு ‘அவுட்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘கெட் டவுன்!’ என்று அங்கே யாராவது கத்தினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள், ஆபத்து என்று அர்த்தம். மரத்திலிருந்தும் ஏணியிலிருந்தும் இறங்க ‘கெட் டவுன்’ அங்கேயும் செல்லும்.

ஆளை வைத்து வேலை வாங்குவது இன்னொரு பொறி. ‘ஐ மேட் ஹிம் ரிப்பேர் இட்’ என்பதில் ‘டு’ இல்லை. அதைப் பார்த்து ‘ஐ காட் ஹிம் ரிப்பேர் இட்’ என்று எழுதிவிடுகிறார்கள். கெட்டுக்கு ‘டு’ வேண்டும்: ‘காட் ஹிம் டு ரிப்பேர் இட்’. ஆளை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொன்னால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதில் ‘கொள்’ செய்யும் வேலையை இங்கே கெட் செய்கிறது. ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரி உங்கள் கையில் இருந்ததாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

‘டிட் யூ காட் மை மெசேஜ்?’ என்பதை வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கலாம். ‘டிட்’ வந்த பிறகு இறந்தகாலத்தை இரண்டாவது முறை சொல்ல வேண்டாம், ‘கெட்’ போதும். அதேபோல, ‘காட் மேரீட்’டுக்குப் பின்னால் ‘வித்’ போடுவது ‘அவளோடு கல்யாணம்’ என்பதிலிருந்து வந்த பழக்கம். அங்கே ‘டு’ வர வேண்டும்.

கட்டுரையில் கெட் வரவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. மாணவர்களும் பயந்துபோய் எல்லா இடத்திலும் ‘அப்டெய்ன்’ (பெறு) போடுகிறார்கள். ‘கெட் டயர்ட்’ இருந்த இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், வாக்கியமே படுத்துவிடும். அங்கே வேண்டியது ‘பிகம்’. அலுவலகக் கடிதத்தில் ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ பொருத்தம்தான், நண்பனுக்கு எழுதும்போது அதே சொல் விறைப்பாக இருக்கும்.

கடைசியாக ‘காட்டன்’. பருத்தி இல்லை, கெட்டின் பழைய வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. அங்கே ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் வாங்கியாயிற்று அல்லது அப்படி ஆகிவிட்டது. நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழி என்பதால் தேர்வில் ‘காட்’ எழுதுவதே பாதுகாப்பு. ‘ஃபர்காட்டன்’ மட்டும் இரண்டு நாட்டிலும் சரி.