துப்பாக்கிக் கடைக் கவுன்டரில் செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் முதல்முறை துப்பாக்கிக் கடைக்குப் போய்விட்டு எரிச்சலோடு திரும்பியவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கவுன்டரில் நின்றவர் நடத்திய விதத்தைத்தான் சொல்லிப் புலம்புவார்கள்.

அதில் பெரிய தவறு, ஆளைப் பார்த்தே முடிவு கட்டுவது. கணவனும் மனைவியுமாக வருகிறார்கள். துப்பாக்கி மனைவிக்கு. கடைக்காரரோ கணவனிடமே பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் அந்தம்மாவிடம் ஒரு குட்டி ரிவால்வரை நீட்டி, "உங்களுக்கு இதுதான் சரி" என்பார். ரோஸ் நிறப் பிடி வேறு! எடை குறைந்த சின்ன ரிவால்வர் பையில் வைக்கச் சுலபம், சுடுவதற்கல்ல. சுடும்போது உதை முழுவதும் கையில் இறங்கும், விசையை இழுக்கவும் நல்ல பலம் வேண்டும். பழகியவர்களே அதில் குறி தவறுவார்கள். எதற்காக வாங்குகிறீர்கள், வீட்டுப் பாதுகாப்புக்கா, பயிற்சிக்கா என்று முதலில் கேட்க வேண்டும். சுடுதளம் உள்ள கடையென்றால் இரண்டு மூன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லலாம். முடிவை அவர் கை சொல்லிவிடும்.

அடுத்தது அலட்சியம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்ததும் குழல் யார் பக்கமும் திரும்பாமல் பிடித்து, மேகசினை (தோட்டா அடங்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (நகரும் மேல்பகுதி) பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று வாடிக்கையாளருக்கும் காட்டித் திறந்தபடியே கொடுக்க வேண்டும். 'இது காலிதான்' என்ற வாய்வார்த்தை போதாது. புதியவர் தவறாகப் பிடித்தால் எல்லார் முன்னாலும் கத்தத் தேவையில்லை, குழலைக் கீழே திருப்பச் சொன்னால் போதும்.

துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய கூட்டாட்சி அரசின் படிவம் 4473 விஷயத்தில் உதவி என்ற பெயரில் விடை எடுத்துக் கொடுப்பது ஆபத்து. உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்குப் பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். ஒருவர் கைகாட்ட இன்னொருவர் பணம் கட்டுவது போல் சந்தேகம் வந்தால் விற்க மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். அது மோசமான சேவை ஆகாது. அதைச் சத்தமில்லாமல் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

வாங்குபவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டா என்று பார்க்க 1998 நவம்பரிலிருந்து நடக்கும் உடனடிப் பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று பதில் வந்தால் சிலர் வாடிக்கையாளரைக் குற்றவாளி போலப் பார்ப்பார்கள். பெயர் ஒற்றுமையாலும் அது வரும். மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி கடை விற்கலாம், கட்டாயமில்லை. சில மாநிலங்களில் விதி இன்னும் கடுமை. 21 வயதுக்குக் கீழ் என்றால் 2022 சட்டப்படி காத்திருப்பு 10 வேலை நாள் வரை நீளலாம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

ஆன்லைனில் வாங்கிய துப்பாக்கியை உங்கள் கடை வழியாகப் பெற வருபவரிடம் முகம் சுளிக்காதீர்கள். கட்டணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். தோட்டா வாங்க அவர் திரும்ப வருவார்.

கைத்துப்பாக்கியோடு பூட்டோ அதுபோன்ற பாதுகாப்புச் சாதனமோ கொடுப்பது 2005 சட்டப்படி கட்டாயம். அதைப் பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். கேபிள் பூட்டு என்றால், திறந்த ஸ்லைடு வழியாக நுழைத்து மேகசின் போகும் துளை வழியே வெளியே எடுத்து ஒருமுறை பூட்டிக் காட்டுங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்க இதுதான் நல்ல சமயம்.