குழுவில் வம்பு செய்பவரைச் சமாளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்படக்கலைக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்கிறார்: “வீட்டுக்குள் எடுக்கிற படமெல்லாம் கலங்கலாக வருகிறது. என்ன செய்யலாம்?” குழுவின் பழைய ஆள் ஒருவர் உடனே பதில் போடுகிறார்: “மேனுவலைக்கூடப் புரட்டிப் பார்க்காதவருக்குக் கேமரா எதற்கு?” அவ்வளவுதான், மளமளவென்று பதில்கள் விழுகின்றன. “இப்படியா பேசுவது?”, “உங்களுக்கு இதே வேலையாகப் போய்விட்டது”, “அவர் சொன்னதில் என்ன தப்பு?”, “அட்மின் எங்கே?” கொஞ்ச நேரத்தில் முப்பது பதில்கள் சேர்ந்துவிட்டன. ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள், ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ஜன்னல் பக்கம் நின்று எடுத்துப் பாருங்கள் என்று அதில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேட்டவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுகிறார்.

பரிந்து பேசியவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனால் அவர்கள் பேசியது முழுக்க வம்புக்காரரிடம். கேள்வி கேட்டவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதலில் சொல்ல நினைக்கும் தவறு இதுதான். இப்படி ஒன்று நடந்தால் முதல் வேலை, கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வது. அப்புறம் யாராவது ஒருவர், ஒரே வரியில், “இந்தக் குழுவில் இப்படிப் பேச வேண்டாம்” என்று சொன்னால் போதும். இரண்டாவது ஆள் அதையே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. முப்பது பேர் கண்டித்தால் வம்புக்காரருக்கு முப்பது பேருடைய கவனம் கிடைக்கிறது. அவர் தேடி வந்ததே அதுவாக இருக்கலாம்.

சண்டையில் இருப்பவர்களைவிடப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எப்போதும் அதிகம். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: இணையக் குழுக்களில் 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பாலான பதிவுகள் மீதி ஒருவருடையவை. குழுவுக்குக் குழு இது மாறும். ஆனால் அட்மினாக இருப்பவர் இந்த 90 பேரை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். “இங்கே கேள்வி கேட்கலாமா, வேண்டாமா?” என்று அவர்கள் தீர்மானிப்பது இந்த மாதிரி நேரத்தில்தான்.

எல்லோரையும் ட்ரோல் என்று முடிவு கட்டுவது

வம்பு செய்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. பொழுதுபோகாமல் வேண்டுமென்றே சீண்டுகிறவர், அதாவது ட்ரோல், உண்டு. குழுவின் வழக்கம் தெரியாமல் உளறுகிறவர் உண்டு. உண்மையான மனக்குறை இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் கத்துகிறவர் உண்டு. குரலே உயர்த்தாமல், “ஆதாரம் இருக்கிறதா?”, “இதற்கு ஆதாரம்?” என்று மரியாதையாகவே கேட்டுக்கேட்டு எதிராளியைக் களைப்படைய வைப்பவரும் உண்டு. இந்தக் கடைசி ரகத்தைத்தான் அட்மின்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கெட்ட வார்த்தை எதுவும் அவர் எழுதுவதில்லை. விதி எதையும் மீறியதாகவும் தெரியாது.

ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். சாதாரண ஆட்களே எப்போது வம்புப் பதில் எழுதுகிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். இரண்டு காரணங்கள் தெரிந்தன: எழுதும்போது மனநிலை கெட்டிருப்பது, தனக்கு மேலே ஏற்கெனவே வம்புப் பதில்கள் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் வம்புப் பதில் எழுதும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

இதிலிருந்து அட்மின் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் எளிது. ஓர் உரையாடலின் முதல் நான்கைந்து பதில்கள் எப்படி அமைகின்றனவோ, மீதியும் அப்படித்தான் போகும். ஆகவே ஆரம்பத்திலேயே தலையிடுவது, நூறு பதில் வந்த பிறகு பத்துப் பேரை நீக்குவதைவிட மேல். சூடு தணியக் கொஞ்ச நேரம் கொடுப்பதும் வேலை செய்யும். டெலிகிராமில் ஒருவர் அடுத்த செய்தி போட இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று, சில வினாடி முதல் 1 மணி நேரம் வரை, அட்மின் வைக்க முடியும். வாட்ஸ்அப்பில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி கொஞ்ச நேரம் மாற்றி வைக்கலாம். யாரையும் தண்டிக்காமல் இதெல்லாம் செய்யலாம்.

“பிளாக் செய்துவிட்டேன்” என்று அறிவிப்பது

ஒருவரைத் தன் கண்ணில் படாமல் மறைத்துவிடும் வசதி இணையத்தில் ரொம்பப் பழையது. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் லாரி வால் என்ற நிரலாளர் எழுதிய ‘ஆர்என்’ என்ற வாசிப்பு நிரலிலேயே, இன்னாருடைய பதிவுகள் எனக்கு வேண்டாம் என்று எழுதி வைக்கும் ‘கில் ஃபைல்’ இருந்தது. வம்புக்காரருக்கு விஷயமே தெரியாது என்பதுதான் அதன் பலம். ஆனால் அங்கேயும் பலரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவரை அந்தப் பட்டியலில் போட்டதும், அவர் தொப்பென்று உள்ளே விழுந்ததாகக் காட்ட “ப்ளாங்க்” என்று பொதுவில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில் என்று சண்டை தொடர்ந்தது. மியூட் செய்யுங்கள், பிளாக் செய்யுங்கள், தவறே இல்லை. யாரிடமும் சொல்லாமல் செய்யுங்கள்.

விதி என்று ஒன்று இல்லாதது

“மரியாதையாக நடந்துகொள்ளவும்” என்பதை எல்லாக் குழுக்களும் எழுதி வைத்திருக்கின்றன. அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. வம்பு செய்பவரும் தான் மரியாதையாகத்தான் பேசினேன் என்பார். “கேள்வி கேட்டவரின் அறிவைக் கிண்டல் செய்யும் பதில் நீக்கப்படும்”, “ஒரே கருத்தை மூன்றாம் முறை எழுதினால் உரையாடல் மூடப்படும்” என்று செயலைக் குறித்து எழுதினால்தான் அது விதி.

விதி போட்டால் புதியவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள அறிவியல் குழுவில் நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார். உரையாடலின் தலைமாட்டில் விதிகளைக் காட்டியபோது, விதிப்படி எழுதும் புதியவர்களின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. எழுத முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கையும் சராசரியாக 70 சதவீதம் கூடியது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. அடி விழாது என்று தெரிந்த இடத்தில்தான் ஆட்கள் வாய் திறக்கிறார்கள்.

பதிவை நீக்கும்போது காரணம் சொல்லாமல் விடுவதும் இதே வகைத் தவறு. ஏன் போனது என்று தெரியாவிட்டால் அவர் அதையே மறுபடி போடுவார், அல்லது “என் குரலை நசுக்குகிறார்கள்” என்று ஆரம்பிப்பார். ஒரு வரி போதும்.

“ஆனால் அவர் விஷயம் தெரிந்தவராயிற்றே”

குழுக்களைப் பாழாக்குவதில் இந்த வாக்கியத்துக்கு நிகரே இல்லை. வெளியிலிருந்து வந்து கூச்சல் போடுகிறவரை நீக்க யாரும் தயங்குவதில்லை. ஆரம்ப நாளிலிருந்து இருப்பவர், துறையில் கெட்டிக்காரர், அவர் பதில் சொன்னால் சரியாக இருக்கும், ஆனால் பத்துப் பேரை அவமதித்துவிட்டுத்தான் சொல்வார்: இவரிடம்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். “அவர் சுபாவம் அப்படி”, “மனதில் ஒன்றுமில்லை” என்று மற்றவர்கள் சமாதானம் சொல்வார்கள். அவர் எழுதிய நல்ல பதில்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவரால் எழுதாமலே போனவர்களின் பதில்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு எப்போதும் அவருக்குச் சாதகமாகவே வருகிறது.

சொல்வது சரியா தப்பா என்பதையும் நடந்துகொள்வது சரியா தப்பா என்பதையும் பிரித்தே பார்க்க வேண்டும். விக்கிப்பீடியாவில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர்களின் திருத்தத்தை அழித்து மாற்றினால் தடை விழலாம். அப்பட்டமான விஷமத்தை நீக்குவது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி, “நான் எழுதியதுதான் சரி” என்பது அங்கே எடுபடாது.

இப்படிப்பட்ட கெட்டிக்காரருக்குத் தனிச் செய்தி அனுப்பிப் பார்ப்பது நல்லது. பலரும் இதைச் செய்யும் விதத்தில்தான் கெடுக்கிறார்கள். “உங்கள் போக்கு சரியில்லை, பலர் புகார் சொல்கிறார்கள்” என்று எழுதினால் யார் அந்தப் பலர் என்று ஆராயத் தொடங்குவார். குறிப்பிட்ட பதிலைச் சுட்டி, “நீங்கள் சொன்ன தீர்வு சரி. ‘மேனுவலைக்கூட’ என்று தொடங்கும் வரியை எடுத்துவிட்டேன். இனி இப்படி வந்தால் ஒரு வாரம் எழுத முடியாமல் வைப்பேன்” என்று எழுதுங்கள். அடுத்த முறை வந்தால் சொன்னதைச் செய்துவிடுங்கள். “இதுதான் கடைசி எச்சரிக்கை” என்பதை ஐந்து முறை சொன்னால் அதை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

“இரண்டு பேரும் நிறுத்துங்கள்” என்று பொதுவாக அதட்டுவதும் நியாயம் போலத் தோன்றும். ஒருவர் திட்டி, மற்றவர் திட்டு வாங்கியிருந்தால் அது நியாயம் ஆகாது. சண்டையில் அட்மினே ஒரு கட்சியாக இருந்தால் முடிவை இன்னொரு அட்மினிடம் விட்டுவிட வேண்டும். அதற்காகவாவது ஒரு குழுவுக்குக் குறைந்தது இரண்டு அட்மின்கள் வேண்டும்.

நீக்கிய பிறகு

நீக்கியதை விளக்கி நீண்ட அறிக்கை எழுதாதீர்கள். நீக்கப்பட்டவரால் அங்கே பதில் சொல்ல முடியாது. அவருடைய நண்பர்கள் சொல்வார்கள், சண்டை இன்னொரு சுற்று வரும். கேட்பவருக்கு எந்த விதி மீறப்பட்டது என்று மட்டும் சொன்னால் போதும். வேறு பெயரில் திரும்பி வந்திருப்பாரோ என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்படுவதும் வேண்டாம். அவரேதான் என்றால் பழைய குணம் தானாக வெளிவரும், அப்போது அந்தச் செயலுக்காக நீக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. “கண்டுகொள்ளாதே, தானாகப் போய்விடுவான்” என்ற ஆலோசனை சில்லறைச் சீண்டலுக்குத்தான் பொருந்தும். ஒருவரைக் குறிவைத்து மிரட்டுவது, அவருடைய முகவரியையோ படத்தையோ பொதுவில் போடுவது, தனிச் செய்தியில் துரத்துவது இவையெல்லாம் வேறு விஷயம். இங்கே குழு சும்மா இருந்தால் பாதிக்கப்பட்டவர் தனியாக மாட்டிக்கொள்கிறார். பதறிப்போய் உடனே பதிவை அழித்துவிடுவது இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு. முதலில் தேதி, நேரம், கணக்குப் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் பதிவை நீக்கி, ஆளை நீக்கி, அந்தச் செயலியிடமும் புகார் செய்யுங்கள். பிறகு பாதிக்கப்பட்டவரிடம் தனியாகப் பேசி, எடுத்து வைத்ததை அவரிடம் கொடுத்து, காவல்துறைக்குப் போக விரும்புகிறாரா என்று கேளுங்கள். குழுவில் இதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் ஆதரவுப் பதிவுகூடப் போடக் கூடாது.